கிரீஸ் எங்கே போகிறது?

ஆயுள் முழுக்க ஓடி, தன் காலம் முடிந்து வெளியே வந்த பேரிங்கை நான் அரிதாகத்தான் கழற்றியிருக்கிறேன். தண்ணீர் புகுந்தவை, மண் புகுந்தவை, சுத்தியல் அடி வாங்கியவை, கிரீஸ் எட்டாமல் காய்ந்தவை, கிரீஸ் மிஞ்சிச் சூடேறியவை ஆகியவைதான் அதிகம். ஓசூர் சிப்காட்டில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராகத் தொடங்கினேன். பிறகு மூக்கண்டப்பள்ளியில் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை போட்டேன். நாற்பது வருடமாகப் பார்ப்பது இந்த ஒரே வேலைதான். லேத், கிரைண்டிங் மெஷின், மோட்டார், மாம்பழக்கூழ் ஆலை, கடைசியில் தொழிற்சாலைப் புல்வெளியை வெட்டும் மெஷின் வரை எல்லாவற்றிலும் பேரிங் மாற்றியாகிவிட்டது.

நான் வேலைக்கு வந்த எண்பதுகளில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் 1980 வாக்கில் இங்கே உற்பத்தியைத் தொடங்கியிருந்தன. டைட்டன் கடிகார ஆலை வந்துகொண்டிருந்தது. இவற்றுக்கு உதிரி செய்து கொடுக்கும் பட்டறைகள் பேடரப்பள்ளியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் வரிசையாக முளைத்தன. பெங்களூர் எச்.எம்.டி. லேத்தும் ஹரிஹர் கிர்லோஸ்கர் டர்ன்மாஸ்டரும் இல்லாத ஷெட் கிடையாது. அந்த மெஷின்களில் பல என்னைவிட வயதில் மூத்தவை.

எங்கள் ஃபோர்மேன் வீட்டில் தெலுங்கு பேசுவார், சந்தையில் கன்னடம் பேசுவார், ஷாப் ஃப்ளோரில் தமிழ் பேசுவார். இந்த எல்லை ஊரில் அது சாதாரணம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு டிரெய்னியிடமும் முதல் நாள் கிரீஸ் கன்னைக் கொடுத்து, "எல்லா நிப்பிளுக்கும் அடிச்சிட்டு வா" என்று அனுப்புவார். பையன் கை முழுக்க கிரீஸோடு திரும்பி வருவான். "அடிச்சியா தம்பி? சரி, அது எங்க போச்சு?" என்று கேட்பார். யாருக்கும் பதில் தெரியாது. உடனே ஸ்கிராப்பில் கிடக்கும் ஒரு பழைய ஹவுசிங்கை எடுத்து வருவார். நிப்பிளைக் கழற்றி, துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, அது எந்த வழியாகப் போய் எங்கே தலை நீட்டுகிறது என்று காட்டுவார். சில ஹவுசிங்கில் கம்பி நேராக பேரிங்கின் நடுவில் வந்து நிற்கும். சிலவற்றில் பேரிங்குக்குப் பக்கத்து வெற்றிடத்தில் போய் முட்டும். சிலவற்றில் பெயின்ட் அடைத்து வழியே இருக்காது. அத்தனை வருடம் அந்த நிப்பிளுக்கு அடித்த கிரீஸெல்லாம் தரையில் வழிந்திருக்கும். இந்த ஒரு பாடத்துக்காகவே அவரை நான் ஆசிரியராக நினைக்கிறேன்.

சுத்தம் பற்றி அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அன்றைக்கு எல்லா ஷெட்டிலும் கை துடைக்க திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட்தான். பேரிங் திறந்திருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் அதை வைக்க விடமாட்டார். அதிலிருந்து உதிரும் நூல் கிரீஸோடு சேர்ந்து உள்ளே போகும் என்பார். பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியைத்தான் தருவார். பேரிங் டப்பாவைக் கடைசி நிமிடம் வரை திறக்கக் கூடாது. வேர்த்த கையால் வளையத்தைத் தொடக் கூடாது, விரல் பட்ட இடத்தில் இரண்டு நாளில் துரு பூக்கும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும், ஹவுசிங்கில் இறக்கும்போது வெளிவளையத்தில். மாற்றி அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகக் கடந்துபோய், அவை ஓடும் பாதையில் குழி போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஓட்டினால் மட்டும் ஒரு மெல்லிய முணுமுணுப்பு கேட்கும். அவர் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கத்துப் பேரிங் என்று சொல்லிவிடுவார்.

லேத்தின் ஹெட்ஸ்டாக் பெரும்பாலும் எண்ணெயில் ஓடும். கிரைண்டிங் ஸ்பிண்டிலில்தான் கிரீஸ் அளவு உயிர்ப் பிரச்சினை. வேகம் கூடக் கூட கிரீஸ் குறைய வேண்டும் என்பதைப் புது ஆள் நம்பவே மாட்டான். குண்டுகள் கிரீஸைப் பிளந்துகொண்டு ஓடினால் அந்த உராய்விலேயே சூடு கிளம்பும். சாதாரண வேகத்தில் பேரிங்கின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி. கிரைண்டிங் ஸ்பிண்டிலுக்கு அதைவிடக் குறைவு. ஃபோர்மேன் மெடிக்கலில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி வைத்திருந்தார். அதில் இழுத்து, குண்டுகளுக்கு இடையில் புள்ளி புள்ளியாக வைப்பார். பிறகு உடனே முழு வேகத்தில் ஓட்ட விடமாட்டார். மெதுவாகக் கொஞ்ச நேரம், நிறுத்திச் சூடு பார்த்து, அடுத்த வேகம், மறுபடி நிறுத்தம் என்று அரைநாள் போகும். புரொடக்‌ஷன் ஆட்கள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். அவர் அசையமாட்டார்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்களுக்கு எப்போதும் வேலை கூடும். பூஜைக்கு முதல் நாள் மெஷின்களைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, கையோடு எல்லா நிப்பிளுக்கும் பிதுங்கும் வரை கிரீஸ் அடிப்பது பல ஆலைகளில் வழக்கம். பக்தியோடு செய்கிற காரியம். ஆனால் லீவு முடிந்து சுவிட்சைப் போட்டதும் மோட்டார்கள் கொதிக்கும், சீல் வெளியே தள்ளும். வருடம் முழுக்கப் பட்டினி போட்டு ஒரே நாளில் திணித்தால் எந்தப் பேரிங்கும் தாங்காது. இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால், ஒரு தடவைக்கு எத்தனை கிராம் என்று வரும். 6204 பேரிங்குக்கு 47 பெருக்கல் 14 பெருக்கல் 0.005, சுமார் 3.3 கிராம். ஆகவே உங்கள் கன் ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சின்னத் தராசில் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். கன்னுக்குக் கன் அது மாறும். அளந்து வைத்திருக்கும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பேரிங் வாங்குவது இந்த ஊரில் தனிக் கதை. சாதாரண எண் ஓசூரிலேயே கிடைக்கும். கொஞ்சம் அரிதான எண் என்றால் பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடுதான். நாற்பது கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் நடுவில் மாநில எல்லை. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், அதாவது 2017 ஜூலைக்கு முன், பில், சி ஃபாரம், ஜூஜூவாடி செக்போஸ்ட் என்று ஒரு டப்பா பேரிங்குக்கே காகிதம் சுமக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் 2010-ல் திறக்கும் வரை சில்க் போர்டு நெரிசலில் பாதி நாள் போகும். காவிரிப் பிரச்சினை வெடிக்கும்போதெல்லாம் எல்லை அடைபடும். 2016 செப்டம்பரில் பஸ் நின்றுபோய், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையில் நடந்தே கடந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு பையில் பேரிங்கோடு நடந்து வந்தேன். அந்தப் பேரிங்குக்காக இங்கே ஒரு பிரஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நடந்தவர் கைக்குழந்தையை வைத்திருந்தார். யாரும் யாரிடமும் பேசவில்லை.

போலிச் சரக்கு இன்னொரு தொல்லை. டப்பா அசல் மாதிரியே இருக்கும். வளையத்தில் எழுத்து மங்கலாக இருக்கும், அல்லது ஒரே கட்டில் உள்ள இரண்டு பேரிங்கின் எழுத்து இரண்டு விதமாக இருக்கும். அசல் பேரிங்கைக் கையில் சுற்றிவிட்டால் சீராக ஓடி மெதுவாக நிற்கும். போலியில் எங்கேயோ தட்டும். எனக்கு இதில் ஒரே முடிவுதான்: அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கவேண்டும். நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஸ்பிண்டிலையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளில் வேலை பார்த்த பருவங்கள்தான் தண்ணீரின் சேதத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தன. மே மாதம் தொடங்கினால் ஜூலை வரை பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரும். பல்ப்பர் இரவு பகலாக ஓடும். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் வெந்நீரும் காஸ்டிக்கும் விட்டுக் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் கூழ் புளித்துவிடும். ஓடிச் சூடாக இருக்கும் பேரிங்மேல் தண்ணீர் விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் சீல் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மறுநாள் திறந்தால் கிரீஸ் மோர் நிறத்தில் இருக்கும். அங்கே கழுவுவதை நிறுத்த முடியாது. ஆகவே கழுவி முடித்த கையோடு, ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றும்போதே, உணவு ஆலைக்கென்று வரும் கிரீஸைக் கொஞ்சம் அடித்து உள்ளே போன தண்ணீரை வெளியே தள்ளுவோம். பில்லோ பிளாக் பேரிங்கில் வெளிவளையத்திலேயே துளை இருப்பதால் நிப்பிளுக்கு அடிப்பது நேராகக் குண்டுகளுக்குப் போய்ச் சேரும். அதனால் அந்த வைத்தியம் பலித்தது.

புல்வெட்டும் மெஷினில் அது பலிக்காது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று எனக்கு வரும் வேலையில் கணிசமான பகுதி அதுதான், அதைப்பற்றிச் சொல்லித்தர இங்கே ஆள் குறைவு.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வெயில் கடுமை குறைவு, பனி உண்டு, புல் நன்றாக வளரும். தொண்ணூறுகளுக்குப் பிறகு ஆலைகள் வளாகத்தைப் பசுமையாக வைப்பதில் அக்கறை காட்டத் தொடங்கின. முதலில் தள்ளுகிற மெஷின்கள் வந்தன. வளாகம் ஏக்கர் கணக்கில் பெரிதானதும் உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின்கள் வந்தன. இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்ஸ்கூட்டர் ஆலை வரை வந்துவிட்டது, புல்வெளிகளும் கூடவே பெருகுகின்றன.

ஓட்டும் மெஷினின் வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த தட்டு மாதிரி இருப்பதை டெக் என்கிறோம். அதில் இரண்டோ மூன்றோ ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும். மேலே பெல்ட் ஓடும் புல்லி, கீழே பிளேடு, நடுவில் அலுமினிய ஹவுசிங்குக்குள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பேரிங். எண் பெரும்பாலும் 6203, 6204, 6205-க்குள் அடங்கும். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் கீழ்ப் பேரிங் இருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். ஈரப் புல், செம்மண், கூழாங்கல் எல்லாம் அடித்துத் தெறிக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே அது ஓடுகிறது. 21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் முனை வினாடிக்கு 80 மீட்டருக்கு மேல் பாய்கிறது. சாதாரண லேத்தில் இப்படிப்பட்ட கொடுமை கிடையாது.

சிப்காட்டில் ஒரு உதிரிபாக ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று ஸ்பிண்டில் மெஷின், மாதம் தவறாமல் ஏதாவது ஒரு பேரிங் போகிறது என்றார்கள். தோட்ட வேலை பார்க்கும் அம்மா ஒருவர், தளி பக்கத்துக்காரர், வருத்தமாகச் சொன்னார்: "வாரா வாரம் கிரீஸ் அடிக்கிறோம் சார், ஒரு வாரம் விட்டதில்ல." அவர் சொன்னது உண்மைதான். ஹவுசிங்கைக் கழற்றினேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் முழுக்கப் புத்தம் புது கிரீஸ் கெட்டியாக அடைந்து கிடந்தது. பேரிங்கின் ரப்பர் சீலை நெம்பி எடுத்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை, துருத்தூள் மட்டும் கொட்டியது.

காரணம் இதுதான். அந்த ஹவுசிங்கில் நிப்பிள் இருந்தது. ஆனால் கடையில் கொடுத்த பேரிங் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டது. நிப்பிள் வழியாகப் போகும் கிரீஸ் நடு வெற்றிடத்தை நிரப்பிவிட்டு, சீலில் முட்டி நின்றுவிடும், பேரிங்குக்குள் போகாது. வாராவாரம் அடித்த கிரீஸ் ஒரு பேரிங்கையும் தொடவில்லை. நிப்பிள் உள்ள ஹவுசிங் என்றால், உள்பக்கம் பார்க்கும் சீலை, அதாவது மேல் பேரிங்கில் கீழ்ச் சீலையும் கீழ்ப் பேரிங்கில் மேல் சீலையும், சின்ன ஸ்குரூ டிரைவரால் கூண்டில் கீறல் படாமல் நெம்பி எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்கச் சீல்கள் இருக்கட்டும், மண்ணைத் தடுக்க அவை வேண்டும். நிப்பிளே இல்லாத ஹவுசிங் என்றால் எதையும் எடுக்கக் கூடாது. சீல் போட்டதை அப்படியே போட்டு, போனால் மாற்றுவதுதான் வழி. பேரிங் வாங்கப் போகும் முன் ஹவுசிங்கில் நிப்பிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாலே இந்தச் செலவு பாதியாகும்.

துரு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். வெட்டி முடித்ததும் டெக்கைச் சாய்த்து, பிரஷர் வாஷரால் அடியைப் பளிச்சென்று கழுவி வைப்பது அங்கே ஒழுங்கு. ரப்பர் உதடு தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்காது. அதுவும் சூடான பேரிங். மாம்பழக்கூழ் ஆலையில் பார்த்த அதே கதை. அங்கே உணவு, கழுவியே ஆகவேண்டும். இங்கே எதற்கு? காய்ந்ததும் மரக்கட்டையால் சுரண்டி, பிளோயரால் ஊதிவிட்டால் போதும். அந்த ஆலையில் கழுவுவதை நிறுத்தியதும் பேரிங் செலவு அடங்கியது. பிறகு அவர்கள் என்னைக் கூப்பிட்டது பிளேடு விஷயத்துக்குத்தான்.

இன்னொரு மெஷின் அமெரிக்கத் தயாரிப்பு, ஒரு கல்யாண மண்டபத்துப் புல்வெளிக்கு வாங்கியது. மூன்று மெக்கானிக் கைமாறி என்னிடம் வந்தது. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தில் மெல்லிய தகரம் சுற்றியிருந்தார்கள். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். வெளியளவில் அது 6204 பேரிங்தான், 47 மில்லிமீட்டர் விட்டம், 14 அகலம். உள்துளை மட்டும் அங்குலக் கணக்கு. நம் கடைகளில் 6204 என்று கேட்டால் கிடைப்பது 20 மில்லிமீட்டர் துளை; 04-இலிருந்து மேலே கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளை வரும் என்பது கடைப்பையனுக்கும் தெரியும். கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்தைத் தகரம் எத்தனை நாள் தாங்கும்? பெல்ட் ஒரே பக்கம் இழுக்க, ஷாஃப்ட் சுற்றுகிற இடத்தில் உள்வளையம் இறுக்கமாக உட்கார்ந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அது ஷாஃப்டை அரைத்துவிடும். அங்குலத் துளைப் பேரிங் தேடினால் கிடைக்கும், வர வாரக்கணக்கு ஆகும்.

ஓசூர் கைகொடுக்கும் இடம் இதுதான். EN8 ராடு வாங்கி, பக்கத்து லேத்தில் கடைந்து, பேரிங் உட்காரும் இடத்தை 20 மில்லிமீட்டருக்கு 2 முதல் 15 மைக்ரான் கூடுதலாக கிரைண்ட் செய்து, புல்லிக்கும் பிளேடுக்கும் பழைய அளவையே வைத்துப் புது ஷாஃப்ட் போட்டோம். இனி அந்த மெஷினுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் பேரிங் போதும். ஒரே தெருவில் லேத், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் இருக்கும் ஊரில் வாழ்வதை நான் பெரிய பாக்கியமாகவே நினைக்கிறேன்.

அந்த மெஷினிலேயே இன்னொரு குறையும் இருந்தது. இரண்டு பேரிங்கின் உள்வளையங்களுக்கும் இடையில் ஒரு குழாய்த் துண்டு, ஸ்பேசர், நிற்க வேண்டும். முந்தைய யாரோ அதை வேண்டாத துண்டு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஸ்பேசர் இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டு உள்வளையமும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபடும், குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கி ஓடும். கையால் சுற்றினால் கனமாக இருக்கும், "புது பேரிங் அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. சரியாகப் பூட்டிய ஸ்பிண்டில் நட்டை முழுதாக இறுக்கிய பிறகும் ஒரு விரலால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடவும் கூடாது. ஸ்பேசரின் நீளம் கால் மில்லிமீட்டர் குறைந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே கழற்றும்போது துணியில் வரிசையாக, வந்த திசை மாறாமல் அடுக்கி வைக்கச் சொல்வேன்.

அலுமினிய ஹவுசிங்கில் சுத்தியலுக்கு வேலையே கிடையாது. அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹவுசிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 47 மில்லிமீட்டர் துளை 0.08 மில்லிமீட்டருக்கு மேல் விரியும். அப்போது பேரிங்கை நேராகப் பிடித்து இறக்கினால் தானாக உட்காரும். ஹாட் ஏர் கன் இருந்தால் போதும். கேஸ் வெல்டிங் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டினால் ஹவுசிங் கோணிவிடும். பழைய பேரிங் உள்ளே சுழன்று துளை ஏற்கெனவே தேய்ந்திருந்தால், கொஞ்சத் தேய்மானத்துக்கு ஒட்டுமருந்து போதும். அதற்குமேல் தேய்ந்திருந்தால் கடைந்து புஷ் போட வேண்டும். சென்டர் பஞ்சால் உள்ளே புள்ளி குத்திப் பிடிக்கவைப்பதை நான் அனுமதிப்பதில்லை.

பிளேடுக்கு வருகிறேன். பேரிங்கைக் கொல்வதில் தண்ணீருக்கு அடுத்தது அது. சாணை பிடிப்பவர் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால், பத்து கிராம் வித்தியாசம் வந்துவிடும். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி அந்தப் பத்து கிராம், 3000 சுற்றில், ஏறக்குறைய 25 கிலோ பாரத்துக்குச் சமமாக வெளியே இழுக்கும். அந்த இழுப்பு நிமிடத்துக்கு 3000 முறை பேரிங்கைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டினால் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று தெரிந்துவிடும். தாழும் பக்கத்தை, கூர் விளிம்பைத் தொடாமல் பின்பக்கம் தேய்த்துச் சமம் செய்யலாம். ஐந்து நிமிட வேலை.

நூலையும் மறந்துவிடக் கூடாது. பந்தல் கட்டிய நைலான் கயிறு, மாலையிலிருந்து விழுந்த வாழைநார், பட்டாசுச் சரத்தின் திரி எல்லாம் புல்லில் கிடக்கும். பிளேடு அதை இழுத்து ஷாஃப்டில் சுற்றும். சுற்றின நூல் சூட்டில் இறுகி, கீழ்ச் சீலின் உதட்டை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். கல்யாண மண்டப மெஷின்களில் பாதி இப்படித்தான் வரும். முகூர்த்த மாதம் முடிந்ததும் பிளேடைக் கழற்றி, ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்து, இருப்பதை வெட்டி எடுத்தால் பேரிங் ஒரு வருடம் கூட ஓடும்.

எந்த கிரீஸ் என்று எல்லோரும் கேட்பார்கள். லித்தியம், இரண்டாம் எண் கெட்டி, ஈ.பி. என்று போட்டது புல்வெட்டிக்குப் போதும், எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். சிவப்போ நீலமோ பச்சையோ, நிறம் வெறும் சாயம்தான். அதை வைத்து ஒரே ஜாதி என்று முடிவு செய்யக் கூடாது. இப்போது வரும் பல மோட்டார்களில் ஆலையிலேயே பாலியூரியா வகை கிரீஸ் வைத்து அனுப்புகிறார்கள். அதன்மேல் நம் லித்தியத்தை அடித்தால் பல சமயம் இரண்டும் இளகி வழிந்துவிடும். நேம் பிளேட்டைப் படிக்காமல் கன்னை வைக்கக் கூடாது.

மாற்றங்கள் நிறைய வந்துவிட்டன. சி.என்.சி. ஸ்பிண்டில்களை இப்போது யாரும் ஷெட்டில் பிரிப்பதில்லை. முழு கார்ட்ரிட்ஜாகக் கழற்றி பெங்களூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். தூசியில்லாத அறையும் ஜோடி பொருத்திய பேரிங்கும் வேண்டிய வேலை அது, அனுப்புவதுதான் சரி. ஆனால் அதோடு சிரிஞ்சில் கிரீஸ் வைக்கத் தெரிந்த கைகளும் இந்தத் தெருவில் குறைந்தன. டிரைவ் வைத்து ஓட்டும் மோட்டார்களில் மின்சாரமே பேரிங் வழியாகக் கசிந்து, ஓடுபாதையில் வரிவரியாகக் கோடு போடுகிறது. எண்பதுகளில் நாங்கள் கேள்விப்படாத நோய் இது. இன்சுலேட்டட் பேரிங்கோ ஷாஃப்டை எர்த் செய்யும் வளையமோ போடாமல் வெறுமனே பேரிங் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி அதே கோடு. மோட்டார் முதுகில் அதிர்வை அளக்கும் சென்சார் ஒட்டி, கெட்டுப்போகப்போவதை முன்கூட்டியே ஃபோனில் சொல்கிறார்கள். நல்லதுதான், ராத்திரி ஓட்டம் குறைந்தது. ஏன் கெடுகிறது என்பதை மட்டும் அது சொல்லாது. திறந்து பார்ப்பவன்தான் சொல்ல வேண்டும்.

புல் வெட்டும் வேலை முழுக்க இப்போது கான்ட்ராக்ட். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் செய்கிறார்கள். சொல்லிக் கொடுத்தால் அருமையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். என் பட்டறையில் ஒரு ஹவுசிங்கை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். நிப்பிளிலிருந்து வழி எங்கே போகிறது என்று அதில் காட்டிவிட்டால் மொழியே தேவைப்படுவதில்லை. கான்ட்ராக்ட் பத்திரத்தில் புல்லின் உயரம், பிளேடு சாணை எல்லாம் எழுதுகிறார்கள், ஸ்பிண்டிலைப்பற்றி ஒரு வரி இருக்காது. இந்தப் பக்கம் கனத்த மழை செப்டம்பர், அக்டோபரில். அதற்கு முன் ஆகஸ்டில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை ஸ்பிண்டிலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதுங்கள். பர்ச்சேஸ் அதிகாரிகளிடம் நான் கேட்பது அவ்வளவே.

அந்தப் பையன்களிடம் கேட்பது வேறொன்று. டெக்கின் அடியில் கை விடும் முன் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வையுங்கள். தள்ளுகிற மெஷினில் பிளேடு எஞ்சினின் ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கும். பிளேடைக் கையால் திருப்பினால் எஞ்சினும் திரும்பும், வயர் இருந்தால் பற்றவும் கூடும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும், வயரைக் கழற்றாமல் பிளேடைத் தொடாதீர்கள்.